பிடரியில் தொடங்குங்கள்: கறுப்பு முடிக்குத் துணிச்சலான நிறம் தீட்டும் முறை

நீலம், ஊதா, செம்பு போன்ற நிறங்களைத் தலைமுடிக்குப் பூச விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் எந்தச் சாயத்தை வாங்குவது என்றே கேட்கிறார்கள். சாயம் பூசுவது இந்த வேலையின் மிக எளிய பகுதி. நமது கறுப்பு முடியில் நிறைந்திருக்கும் மெலனின் என்ற கருநிறப் பொருளை வெளுக்கச் செய்வதே கடினமானது. முடி தப்புவதும் கெடுவதும் அந்தக் கட்டத்தில்தான். ஆகையால் முழுத் தலையையும் ஒரே நாளில் மாற்ற முற்படாமல், இரு காதுகளின் மேல்நுனிகளைப் பின்புறமாக இணைக்கும் கோட்டுக்குக் கீழே, பிடரி அடுக்கில் மட்டும் தொடங்குமாறு நான் வற்புறுத்துவேன். முடியை விரித்துவிட்டால் நிறம் மறைந்திருக்கும். உயர்த்திக் கட்டினால் முழுதாகத் தெரியும். காலையில் பாடசாலையில் கற்பித்துவிட்டு மாலையில் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்குப் போகும் ஒருவருக்கும், வைகாசியில் அம்மம்மாவுடன் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போகவிருக்கும் ஒருவருக்கும், நிறத்தை எங்கே எப்போது காட்டுவது என்ற உரிமை அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே அடுக்கை மழித்து அண்டர்கட் ஆக வைத்துக்கொள்வதும் நல்ல தெரிவு; நமது வெக்கைக்குக் கழுத்து குளிர்ச்சியாக இருக்கும். சலூனில் 'கட்டையாக' என்று பொதுவாகச் சொல்லாமல் மெஷின் இலக்கத்தையே சொல்லுங்கள். 1 என்றால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர், 2 என்றால் 6 மில்லிமீற்றர். முதன்முறை 2க்குக் கீழே போக வேண்டாம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றரே வளரும் என்பதால், மனம் மாறினால் மேலடுக்குடன் அது சேர்வதற்கு ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்திருக்க வேண்டிவரும்.

தலைக்குச் சாயம் பூசுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே, சிறிதளவு சாயத்தைக் காதின் பின்புறத்தில் தடவி 48 மணித்தியாலம் கவனியுங்கள். கையில் 'கறுப்பு மருதோன்றி' போட்டுக் கொப்புளம் கண்டவர்கள் நிரந்தரச் சாயங்களை, குறிப்பாகக் கறுப்புச் சாயத்தை, முற்றாகத் தவிர்க்க வேண்டும். அந்த மருதோன்றியில் கலக்கப்படும் பாரா-பினைலீன்டையமீன் என்ற பொருளே அச்சாயங்கள் பலவற்றிலும் உண்டு. ஒருமுறை ஒவ்வாமை கண்ட உடல் அதை மறப்பதில்லை, அடுத்த முறை முகமே வீங்கக்கூடும். தலைக்கு மருதோன்றி இட்டவர்களுக்கு வேறொரு சோதனையும் தேவை. தூய மருதோன்றியின் நிறம் முடியின் புரதத்தோடு பிணைந்துவிடுவதால், வெளுக்கும்போது செம்மஞ்சளைத் தாண்டி மேலே போவது கடினமாகும். உலோக உப்புகள் சேர்த்த மருதோன்றிப் பொடிகளோ வெளுக்கும் கலவையிலுள்ள பேரொட்சைட்டுடன் தாக்கமுற்றுச் சூடேறி, முடியை வேருக்கருகிலேயே அறுத்துவிடக்கூடும். சீப்பில் உதிர்ந்த முடிகளைச் சேர்த்து, வெளுக்கும் கலவையில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் அரை மணித்தியாலம் வையுங்கள். குவளை சூடானாலோ முடி இழுத்தவுடன் அறுந்தாலோ, அந்த முடி வளர்ந்து வெட்டப்படும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இனி வெளுத்தல். வெளுக்கும் பொடியுடன் கலக்கப்படும் ஐதரசன் பேரொட்சைட்டின் வலிமை, 20 வொல்யூம் என்றால் 6 சதவீதம், 30 என்றால் 9, 40 என்றால் 12 சதவீதம். வீட்டில் செய்பவர்கள் 20க்கு மேல் தொடக்கூடாது. நான் முதன்முறை பொறுமையிழந்து 40ஐ எடுத்தேன்; விரும்பிய மஞ்சள் விரைவாக வந்தது உண்மைதான், ஆனால் அடுத்த மூன்று கிழமைகளாக ஒவ்வொரு தலைவாரலிலும் அந்த மஞ்சள் முடி சீப்போடு வந்துகொண்டேயிருந்தது. வலிமை குறைந்த கலவை மெதுவாக வேலைசெய்யும், அந்த மெதுவே முடியைக் காக்கிறது.

முந்திய இரவு தேங்காய் எண்ணெய் தடவிப் படுங்கள்; அது முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கும் தன்மையுள்ளது. கலவையைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில், பெட்டியில் சொன்ன அளவுப்படி கலந்து, கையுறையுடன் பூசுங்கள். உலோகப் பாத்திரமும் உலோகக் கிளிப்பும் வேண்டாம். தலையின் உடற்சூடு வேர்ப்பகுதியை விரைவாக வெளுக்குமாதலால், வேரிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் விட்டு நுனிவரை முதலில் பூசி, வேரைக் கடைசியில் தொடவேண்டும். மின்விசிறிக்கு நேர்கீழே இருந்தால் கலவை காய்ந்துவிடும், காய்ந்த கலவை வேலைசெய்யாது. எனவே மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் இழையைத் துடைத்துப் பாருங்கள்: கறுப்பு முதலில் செம்பழுப்பாகி, பிறகு செம்மஞ்சளாகி, அதன்பின்னரே மஞ்சளாகும். பெட்டியிலுள்ள நேர எல்லை முடிந்ததும், எந்த நிறத்தில் நின்றாலும் கழுவிவிட வேண்டும். இரண்டாம் முறையை இரு கிழமைகள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். ஈர இழையொன்றை இழுத்தால் சற்று நீண்டு மீள்வது நல்ல முடி. சவ்வுபோல் நீண்டு அப்படியே நின்றால் அந்த முடியை இனி வெளுக்கவே கூடாது.

நிறத்தை, வந்து நின்ற கட்டத்துக்கு ஏற்பத் தெரிவுசெய்யுங்கள். செம்மஞ்சளில் நின்ற முடிக்குச் செம்பும் சிவப்பும் மிக அழகாக அமையும். நமது மாநிறத்துக்குச் செம்பைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்பேன். மஞ்சளின்மேல் நீலம் பூசினால் பச்சை சாயல் வரும் என்பதைச் சித்திரம் கற்ற எவரும் அறிவர். தூய நீலமோ வெள்ளியோ வேண்டுமென்றால் வெளிர்மஞ்சள்வரை போயாக வேண்டும், அது பல மாதப் பொறுமையைக் கேட்கும். பேரொட்சைட்டு தேவைப்படாத தற்காலிக வண்ணச் சாயத்தை உலர்ந்த முடியில் அரை மணித்தியாலம் விட்டு, குளிர்ந்த நீரால் அலசினால் போதும்.

அந்த நீர் எது என்பதும் முக்கியம். வாவியை அண்டிய கிணறுகள் சிலவற்றில் உவர்ப்பும், வேறு சிலவற்றில் இரும்பும் உண்டு. உங்கள் வாளியின் உட்புறத்தில் துருநிறம் படிந்திருந்தால் அதே நீர் வெளுத்த முடியிலும் படியும். கடைசி அலசலுக்குக் குழாய் நீரோ, மாரியில் பிடித்துவைத்த மழைநீரோ பயன்படுத்துங்கள். பாசிக்குடாக் கடலில் இறங்குவதற்கு முன் நல்ல நீரால் முடியை நனைத்துக் கண்டிஷனர் தடவிக்கொண்டால், முடி ஏற்கனவே நீரை உறிஞ்சியிருப்பதால் உப்புநீர் குறைவாகவே உள்ளே போகும். ஷாம்புவைக் கிழமைக்கு இரண்டு முறையோடு நிறுத்துங்கள். அடிக்கடி கழுவ நேராதிருக்க, எண்ணெயையும் நுனிக்கு மட்டும் அளவாகப் பூசுங்கள். புதிய தலையணை உறைக்குமேல் பழைய துவாய் ஒன்றை விரித்துப் படுப்பது வீட்டாரோடு சமாதானமாக இருக்கவும் உதவும்.

இரண்டு மாதத்தில் வேரில் கறுப்பு தெரியத் தொடங்கும். அப்போது புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் வெளுக்கும் கலவையைப் பூசி, முன்பு வெளுத்த முடியின்மேல் அது வழியாதபடி கண்டிஷனரைத் தடித்த பூச்சாகத் தடவி மறைத்துக்கொள்ளுங்கள். இருமுறை கலவை பட்ட அந்த எல்லைக்கோட்டில்தான் முடி முதலில் அறும்.