புது ஹெட்போனில் முதலில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

நல்ல ஹெட்போன் வாங்கியதும் பலர் பாஸ் அதிரும் பாட்டு ஒன்றைப் போட்டு, சத்தத்தை ஏற்றி, "செம" என்று சொல்லிவிட்டுக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கொடுத்த காசு அதற்கு மட்டும் இல்லை. எந்த மாதிரி இடத்தில் வாசித்தார்கள், யார் எந்தப் பக்கம் இருந்தார்கள், அந்த அறையில் ஒலி எப்படி அடங்கியது என்பதையெல்லாம் நல்ல ஹெட்போன் காட்டிக் கொடுக்கும். ஆனால் அதெல்லாம் பதிவிலேயே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சில பதிவுகளை வரிசையாகக் கேட்டுக் காதைப் பழக்குவதுதான் இந்தச் செய்முறை.

படி 1: ஃபோனைச் சரிசெய்யுங்கள்

ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், ஸ்பேஷியல் ஆடியோ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நீங்கள் பாட்டுக் கேட்கும் செயலியில் லாஸ்லெஸ் தரம் (ஒலித் தகவல் எதையும் இழக்காத வடிவம்) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 320 கேபிபிஎஸ் தாராளமாகப் போதும். வயர் இருந்தால் வயர், இல்லாவிட்டால் ப்ளூடூத்திலேயே கேளுங்கள். இடது, வலது பார்த்து மாட்டுங்கள். இன்று பாடமே அதில்தான் இருக்கிறது. ஓப்பன் பேக் வகை (காதுமூடியின் வெளிப்பக்கம் திறந்திருக்கும் ஹெட்போன்) என்றால் ஃபேனையும் நிறுத்திவிடுங்கள், வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும்.

படி 2: வால்யூமை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

எதிரில் இருப்பவர் சாதாரணமாகப் பேசும் அளவுக்கு வைத்தால் போதும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. கீழே வரும் பதிவுகளில் சில மிக மெதுவாகத் தொடங்கும். அதைக் கேட்டு வால்யூமை ஏற்றிவிடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் காது பழகிவிடும்.

படி 3: மைல்ஸ் டேவிஸ், 'கைண்ட் ஆஃப் ப்ளூ'

ஜாஸ் பழக்கமில்லையா? பரவாயில்லை. 1959இல் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30வது தெரு ஸ்டுடியோவில் பதிவான ஆல்பம் இது. அந்தக் கட்டடம் முன்பு தேவாலயமாக இருந்தது. கூரை உயரம், இடம் விசாலம். மூன்றே ட்ராக் (தனித்தனி ஒலிப்பாதை) கொண்ட டேப்பில் பதிந்தார்கள்.

முதல் பாட்டான 'ஸோ வாட்' போடுங்கள். முதலில் டேப்பின் மெல்லிய 'ஸ்ஸ்' இரைச்சல் கேட்கும். அது உங்கள் ஹெட்போனின் கோளாறு இல்லை. பியானோவும் டபுள் பாஸும் (வயலின் மாதிரியான பெரிய தந்தி வாத்தியம்) தாளக்கட்டு இல்லாமல் தயங்கித் தயங்கிப் பேசும். அப்புறம் பால் சேம்பர்ஸின் பாஸ் மெட்டை எடுக்கும், மற்றவர்கள் இரண்டே அடியில் பதில் சொல்வார்கள். மைல்ஸின் ட்ரம்பெட் தனியாகப் புறப்படும் இடத்தில் ட்ரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பல் என்ற உலோகத் தட்டில் ஓங்கி ஒரு அடி கொடுக்கிறார். அங்கே மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தச் சிம்பலை மட்டும் பின்தொடருங்கள். ட்ரம்பெட் வாசித்துக்கொண்டே இருக்க, சிம்பலின் ரீங்காரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போவது தெரியும். சாதாரண இயர்போனில் அந்த வால்பகுதி சீக்கிரமே மறைந்துவிடும்.

அடுத்து இரண்டு சாக்ஸஃபோன்கள். முதலில் வரும் ஜான் கோல்ட்ரேன் இடது பக்கம், அவருக்குப் பின் வரும் கேனன்பால் ஆடர்லி வலது பக்கம். மாறிக் கேட்டால் ஹெட்போனை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்த ஆல்பத்தின் முதல் மூன்று பாட்டுகளைப் பதிந்த டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் ஓட்டியபோது பல்லாண்டுகள் அவை ஒரு இழை வேகமாகவும் சுருதி கூடியும் ஒலித்தன. 1990களில் வந்த மறுவெளியீட்டில்தான் சரிசெய்தார்கள். அதனால் 1997க்குப் பிந்தைய பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.

படி 4: ஒரே பியானோ கலைஞர், இரண்டு பதிவுகள்

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' இசையை பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1955லும் 1981லும் பதிவு செய்தார், இரண்டுமே அதே 30வது தெரு ஸ்டுடியோவில். இரண்டிலும் தொடக்கத்தில் வரும் 'ஆரியா' மட்டும் கேளுங்கள். 1955 பதிவு மோனோ, அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி. பியானோ உங்கள் நெற்றிக்கு நடுவே ஒரு புள்ளியில் நிற்கும், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1981 பதிவு ஸ்டீரியோ, இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனி ஒலி. பியானோ அகலமாக விரியும், வேகமும் குறைந்து மூன்று நிமிடம் ஆகும். ஸ்டீரியோ என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. வாசித்துக்கொண்டே கூல்ட் முனகுவார், அதையும் தேடிப் பிடியுங்கள். சிலருக்கு அது தொந்தரவு. எனக்கு அந்த முனகல் இல்லாமல் அந்த இசை முழுமையாக இல்லை.

படி 5: ஒரே மைக், ஒரு தேவாலயம்

கௌபாய் ஜங்கீஸ் என்ற கனடியக் குழு 1987 நவம்பரில் டொராண்டோவின் ஹோலி ட்ரினிட்டி தேவாலயத்தில் பதிவு செய்த ஆல்பம் 'தி ட்ரினிட்டி செஷன்'. ஒரே ஒரு மைக்கைச் சுற்றி எல்லோரும் அமர்ந்து வாசித்தார்கள். யார் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதை மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதே முடிவு செய்தது. பிறகு மிக்ஸிங்கில் (ஒலிகளின் அளவைச் சரிசெய்து கலக்கும் வேலையில்) திருத்த வழியே இல்லை. முதல் பாட்டில் மார்கோ டிம்மின்ஸின் குரல் மட்டும்தான். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் வரும் இடைவெளியைக் கவனியுங்கள். அதில் அந்தக் கட்டடம் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

படி 6: ஸ்டுடியோவிலேயே கட்டிய உலகம்

பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973. இது இயற்கையான அறை இல்லை. லண்டனின் ஏபி ரோட் ஸ்டுடியோவில் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டியது. 'டைம்' பாட்டின் தொடக்கத்தில் அலறும் கடிகாரங்களை ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் பழம்பொருள் கடை ஒன்றில் பதிவு செய்து வந்தார். டிக் டிக் சத்தத்துக்குப் பின் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும், பதறிவிடாதீர்கள்.

படி 7: உங்கள் பாட்டுக்கு வாருங்கள்

இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு ஆல்பமான 'ஹவ் டு நேம் இட்' நல்ல தொடக்கம். பாக்கின் வயலின் இசையோடு வி. எஸ். நரசிம்மனின் வயலின் உரையாடும் பகுதியில், எந்த வயலின் எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக் கை காட்டிப் பாருங்கள்.

சில பதிவுகள் நல்ல ஹெட்போனில் ஏமாற்றும், அதுவும் சாதாரணம்தான். மெட்டாலிகா என்ற ராக் குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் 2008இல் வந்தபோது, ஒலியை அளவுக்கு மீறி நசுக்கிவிட்டார்கள் என்று ரசிகர்களே புகார் சொன்னார்கள். அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் தெளிவாகக் கேட்டதுதான் காரணம். பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தின் ஸ்டீரியோ பதிப்பில் குரல்கள் ஒரு காதிலும் வாத்தியங்கள் மறு காதிலும் பிரிந்து கிடக்கும், கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். அதற்கு மோனோ பதிப்பைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஃபோனின் அணுகல்தன்மை அமைப்புகளில் 'மோனோ ஆடியோ' என்று இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளலாம். கேட்டு முடித்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கோல்ட்ரேனும் ஆடர்லியும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுவார்கள்.