ஏழை விதவையைக் காட்டிக் காணிக்கை கேட்காதீர்கள்: தோட்டத்துச் சபைகளில் பேசப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம், தேயிலைத் தோட்டத்துச் சிறிய சபை ஒன்றில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். இறையியல் படிப்பை முடித்து வந்த தம்பி ஒருவருடைய பிரசங்கம். ஐசுவரியம், வறுமை, நீதி என்று நன்றாகத்தான் தொடங்கினார். பத்து நிமிடம் போனதும், இருபது வருடத்துக்கு முன் நான் உபதேசியாராக வந்த புதிதில் செய்த பிழைகளை ஒவ்வொன்றாகச் செய்தார். பழைய நோட்டை யாரோ எடுத்து வாசிப்பதுபோல இருந்தது.

வசன எண்ணை மாற்றிச் சொல்வது, மதியச் சோறு ஆறும்வரை இழுப்பது எல்லாம் இரண்டு வருடத்தில் தானாகச் சரியாகும். "பணம் எல்லாத் தீமைக்கும் வேர்" என்று சொன்னால் முன்வரிசையில் யாராவது "பண ஆசை, ஐயா" என்று திருத்திவிடுவார்கள். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

"தரித்திரர் எப்போதும் இருப்பார்கள்" என்று பாதியில் நிறுத்துவது

மாற்கு 14:7 இல் அந்த வசனம் அங்கே முடியவில்லை. "உங்களுக்கு மனதுண்டாகும்போதெல்லாம் நீங்கள் அவர்களுக்கு நன்மைசெய்யலாம்" என்று தொடர்கிறது. பெத்தானியாவில் இயேசு சொன்ன இந்தப் பேச்சுக்குப் பின்னால் உபாகமம் 15:11 இருக்கிறது. தேசத்தில் எளியவர்கள் இருப்பார்கள், ஆகையால் உன் கையைத் தாராளமாய்த் திற என்பது அங்கே உள்ள கட்டளை. அந்த அதிகாரமே ஏழு வருடத்துக்கு ஒரு தரம் கடனை விட்டுவிடச் சொல்லித்தான் தொடங்குகிறது.

கடன் என்றால் என்ன என்று நம் சனத்துக்கு விளக்க வேண்டியதில்லை. ஆள் கட்டிக்கொண்டு வந்த கங்காணியிடம் பட்ட கடனோடு மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் "இவ்வளவு கட்டினால் ஆளை விடுகிறோம்" என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிய துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921 இல்தான் சட்டப்படி ஒழிந்தது. கடனைத் தள்ளச் சொல்லும் அதிகாரத்திலிருந்து வருகிற வரியை எடுத்து, "வறுமை ஆண்டவர் வைத்த ஏற்பாடு" என்று அந்தச் சனத்திடமே சொல்லலாமா?

விதவையின் இரண்டு காசு

இன்னும் என்னை எரிய வைப்பது இதுதான். பாதி எரிச்சல் அந்தத் தம்பி மேல், பாதி என் மேல்.

எங்கள் ஆலயத்துத் தகரம் துருப்பிடித்து ஒழுகியது. நத்தாருக்கு முன் மாற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் மாற்கு 12 ஐ எடுத்தேன். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு உட்கார்ந்திருக்கிறார். ஐசுவரியவான்கள் நிறையப் போடுகிறார்கள், ஏழை விதவை இரண்டு காசு போடுகிறாள். "அவளைப்போல் கொடுக்க இங்கே யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். குரலையும் கொஞ்சம் நடுங்கவிட்டேன் என்றுதான் நினைவு. அன்றைக்குக் காணிக்கைப் பை நிறைந்தது. கணவனை இழந்த, கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் ஆயிரம் ரூபாத் தாள்கள் சிலவற்றை மடித்துப் போட்டிருந்தார். பெயரை வாசித்து நன்றி வேறு சொன்னேன்.

அது தோட்டத்தில் வாங்கிய பண்டிகை முற்பணம் என்று பெப்ரவரியில்தான் தெரிய வந்தது. முற்பணம் என்பது கடன், மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். மகனுடைய ரியூசன் நின்றுபோயிருந்தது. காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "ஆண்டவருக்குக் குடுத்தத எப்படி ஐயா திருப்பி வாங்குறது?" என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அந்தத் தேத்தண்ணி தொண்டைக்குள் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியை முன்னும் பின்னும் வாசித்தேன். விதவை வருவதற்குச் சற்று முன்னால் வேதச் சட்டம் போதிக்கும் வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். நீண்ட ஜெபம்பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்கள் அவர்கள். அடுத்த காட்சியில் ஒரு விதவை வந்து "தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம்" போட்டுவிட்டுப் போகிறாள். அதற்கடுத்து ஒரு சீஷன் தேவாலயத்தின் கற்களைப் பார்த்து வியக்க, ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார் இயேசு. அவள் கடைசிக் காசைப் போட்ட அதே கட்டடம். இந்த இடத்தில் நடுவே 13 என்ற அதிகார எண் விழுகிறது. அந்த எண்கள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை, மாற்கு போட்டவை அல்ல. ஆனால் நாம் 12 முடிந்ததும் வேதத்தை மூடிவிட்டுப் பையை அனுப்புகிறோம்.

அவளை இயேசு மெச்சினார் என்றே வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாரையும்விட அதிகம் போட்டாள் என்று சொன்னது உண்மைதானே. ஆனால் நல்ல சமாரியன் கதை முடிவில் "நீயும் போய் அந்தப்படியே செய்" என்றவர் இங்கே அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் என் வாயால் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டு காசு ஒரு நாள் கூலியில் 64 இல் ஒரு பங்கு. 2021 இல் வர்த்தமானியில் வந்த 1000 ரூபா நாட்சம்பளத்தை வைத்தால் 15 ரூபா சொச்சம். அந்தக் கதையைச் சொல்லி நான் வாங்கியதோ ஆயிரக்கணக்கில்.

இந்தப் பகுதியைப் பேசுவதாக இருந்தால் 12:38 இல் தொடங்கி 13:2 வரை வாசியுங்கள். அன்றைக்குக் காணிக்கை எடுக்காதீர்கள். கூரைக்குக் காசு வேண்டுமா, கூரைக்கு என்று நேராகக் கேளுங்கள். அதையும் முதலில் கொழும்பில் கடை வைத்திருக்கும் நம் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

மத்தேயுவோடு நிறுத்துவது

"ஆவியில் எளிமையுள்ளவர்கள்" பாக்கியவான்கள் என்பது மத்தேயு 5:3. லூக்கா 6:20 இல் வெறும் "தரித்திரராகிய நீங்கள்", நாலு வசனம் தள்ளி ஐசுவரியவான்களுக்கு "ஐயோ". இரண்டையும் வாசியுங்கள்.

பணம் வந்தால் ஆசீர்வாதம், வராவிட்டால் பாவம் என்பது

யோபுவின் நண்பர்களும் அப்படித்தான் பேசினார்கள். கடைசியில் ஆண்டவரிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்று பாருங்கள்.

"வேலைக்காரரே, கீழ்ப்படியுங்கள்"

சம்பளப் பிரச்சினையில் தோட்டத்து வேலை நின்றிருந்த ஒரு கிழமையில் ஒருவர் எபேசியர் 6:5 ஐ வாசிக்கக் கேட்டிருக்கிறேன். ஆம்பிளைகளில் பாதிப்பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் "வேலைக்காரர்" என்று இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது அடிமையைக் குறிக்கும் சொல். அடிமைக்கு எழுதியதைச் சம்பளச் சட்டத்தின் கீழ் வேலை செய்கிறவர் மேல் அப்படியே ஒட்ட முடியாது. எஜமான்களே, நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்ற கொலோசெயர் 4:1 ஐ மட்டும் யாரும் வாசிப்பதே இல்லை.

1854 இல் இங்கே தொடங்கிய அங்கிலிக்கன் ஊழியத்துக்குத் தமிழ்க் கூலி மிஷன் என்றுதான் அப்போது பெயர். அந்தப் பெயரில் கூலி என்பது ஆள். யாக்கோபு 5:4 இல் கூலி என்பது ஆளுக்குச் சேர வேண்டிய காசு. பிடித்து வைக்கப்பட்ட அந்தக் காசு கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு.

பார்வோனைத் துரை பங்களாவில் மட்டும் தேடுவது

தொழிற்சங்கப் பேச்சுப் பழக்கம் உள்ள பிள்ளைகள் விழும் குழி இது. துரையையும் கம்பெனியையும் திட்டினால் ஆமென் நன்றாக விழும். ஆனால் அதே சபையில் வட்டிக்குக் கொடுப்பவர் இரண்டாம் வரிசையில் இருப்பார். மனைவி மழையில் நனைந்து எடுத்த கொழுந்துக்கான சம்பளத்தைத் தான் போய் வாங்கிச் சாராயத் தவறணையில் விடுகிறவர் மூன்றாம் வரிசையில் இருப்பார். யாக்கோபு 5:4 அவர்களுக்கும்தான். இதை ஒருமுறை சொன்னேன். ஆமென் வரவில்லை.

விளக்கத்தை எல்லாம் நாமே சொல்லி முடிப்பது

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பரா ஒன்றில் ஆமோஸ் 8 வாசித்தோம். மரக்கால், சேக்கல், இஸ்ரவேலின் தானிய வியாபாரம் என்று மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மரக்காலைக் குறைத்துக் கள்ளத்தராசினால் வஞ்சிக்கிறவர்கள் என்ற இடம் வந்ததும் மூலையிலிருந்த பாட்டி ஒருவர், "அந்தக் காலத்துலயே கிலோ வெட்டியிருக்கானுங்களா!" என்றார். காம்பரா முழுக்கச் சிரிப்பு. அப்புறம் பைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கிலோவில் கழித்ததை ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். என் குறிப்பை யாரும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை என்னிடமிருந்து கொப்பியை வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி, அந்தக் கிழமை யார் யாருக்கு எத்தனை கிலோ வெட்டினார்கள் என்று பெயர் போட்டு எழுதத் தொடங்கியது.