தாராவி சர்வருக்குக் கோவையில் ஒரு நகல்

மும்பையில் தாராவி, சயான் பக்கத்துச் சிறு நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், தோல் பைகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் திங்கட்கிழமை காலை சர்வரைத் திறந்தேன். எல்லாக் கோப்புப் பெயர்களுக்குப் பின்னாலும் ஒரே வால் ஒட்டியிருந்தது. ரேன்சம்வேர்: கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நச்சு நிரல். சர்வரிலேயே எப்போதும் செருகியிருந்த பேக்கப் டிஸ்க்கிலும் அதே வால்தான். கம்பியில் குத்தி வைத்திருந்த பில்களை ஒவ்வொன்றாக உருவி, உரிமையாளரின் மனைவி இரண்டு மாதம் உட்கார்ந்து கணக்கை மறுபடி ஏற்றினார். அந்தக் கம்பி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதன் பிறகு நான் செய்துவரும் ஏற்பாடு இது.

நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதைப் பார்த்தவர்கள், அடுத்த தெருவில் நகல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். என் நகல் கோவையில் அக்கா வீட்டில் இருக்கிறது: லினக்ஸ் போட்ட ஒரு பழைய கணினி, 4 டிபி டிஸ்க், ஒரு யுபிஎஸ்.

முதல் நகலை இணையத்தில் அனுப்பாதீர்கள். 20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் மணிக்கு அதிகபட்சம் 9 ஜிபிதான் போகும். 400 ஜிபிக்கு ஏறக்குறைய 45 மணி நேரம், அதுவும் இணைப்பு அறுந்து போகாமல் இருந்தால். நான் டிஸ்க்கில் ஏற்றி, லக்ஸ் என்ற லினக்ஸ் குறியாக்க முறையில் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, கோவை ரயிலில் கையோடு கொண்டுபோனேன். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உறையில் ஒட்டி உரிமையாளரின் லாக்கரில் வைத்திருக்கிறோம். அது தொலைந்தால் நகல் இருந்தும் இல்லாததுதான்.

இனி முக்கியமான இடம். தாராவி சர்வர் கோவைக்குக் கோப்புகளை அனுப்பக் கூடாது. கோவைக் கணினி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சர்வரிடம் கோவைக் கணினியின் சாவி இருந்தால், சர்வருக்குள் புகுந்தவன் அதை வைத்தே நகலையும் அழித்துவிடுவான். அதனால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) சாவியைக் கோவையில் உருவாக்கி, அதன் பொதுப் பாதியை மட்டும் சர்வரில் சேருங்கள். திறக்கும் ரகசியப் பாதி கோவையிலேயே இருக்கட்டும். அந்தச் சாவி படிக்க மட்டுமே பயன்படும்படி, மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலோடு வரும் ஆர்ஆர்சிங்க் என்ற துணை நிரலைப் படிப்பு மட்டும் என்ற நிலையில் அதோடு கட்டிவிடுங்கள். கோவைக் கணினிதான் தேடி வருகிறது என்பதால், அலுவலகத்துக்கு நிலையான ஐபி முகவரி (மாறாத இணைய முகவரி) இருந்தால் போதும். வீட்டு இணைப்புக்குத் தனி முகவரி வேண்டியதில்லை. சர்வரில் கடவுச்சொல் மூலம் எஸ்எஸ்எச் நுழைவதை அடைத்துவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் வந்து சேரும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் என்றால் முதலில் டம்ப் எடுங்கள், அதாவது முழுத் தரவையும் தனிக் கோப்பாக எழுதிக்கொள்ளுங்கள். டேலி கணக்கு மென்பொருள் என்றால் எல்லாரும் மூடிய பிறகு, அதன் உள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியில் எடுங்கள். எங்களுக்கு இது இரவு 11.30. ஒரு மணிக்குக் கோவைக் கணினியில் குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் நிரல், ஆர்சிங்க்கை எழுப்புகிறது.

ஒரே நகலின் மேல் தினமும் எழுதிக்கொண்டிருந்தால், கெட்டுப்போன கோப்பும் மறுநாளே நல்லதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். ஆர்சிங்க்கில் லிங்க்-டெஸ்ட் என்ற விருப்பம் இருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்ட ஒரு கோப்புறை. மாறாத கோப்புகள் நேற்றையதோடு இணைப்பாகவே இருப்பதால் இடம் பிடிப்பதில்லை. கடைசி 30 நாள்களின் நகல்களும், 12 மாதங்களின் கடைசி நாள் நகல்களும் வைத்திருக்கிறேன்.

காலையில் கோவைக் கணினி எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும்: எத்தனை கோப்பு மாறியது, எத்தனை ஜிபி வந்தது. எங்களுக்கு வழக்கம் 2 ஜிபி. ஒரு நாள் 100 ஜிபி என்று வந்தால், ரேன்சம்வேர் கோப்புகளை மாற்றியிருக்கலாம் என்று உடனே தாராவிக்கு ஓடுவேன். மின்னஞ்சலே வராவிட்டாலும் ஓடுவேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, அக்கா மகனைத் தொலைபேசியில் அழைத்து மூன்று கோப்புகளைத் திருப்பி எடுக்கச் சொல்கிறேன். எந்த மூன்று என்பதை உரிமையாளரின் மனைவிதான் சொல்வார். போன முறை பழைய பில் ஒன்றைக் கேட்டார். கோப்பு வந்ததும் கம்பியிலிருந்து அதே பில்லை உருவி, தொகையைத் திரையோடு வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.