ஒரு வக்கீல் ஆபீஸோட பேரு எந்த கேஸ்ல வாங்கின பேருன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

எங்க பக்கம் கோர்ட்டு விவகாரம்னு வந்துட்டா எல்லாரும் முதல்ல கேக்குறது "நல்ல வக்கீல் யாராவது தெரியுமாப்பா"ன்னுதான், எந்த கேஸுக்குன்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. எங்க அப்பாவும் அப்படித்தான் கேட்டாரு. மேலூர் பக்கம் எங்களுக்கு இருந்த 3 ஏக்கர் சொச்சம் நிலத்துல பங்கு கேட்டு சித்தப்பா வீட்டுல பாகப்பிரிவினை வழக்கு போட்டாங்க, அப்பா தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு ஊரே பேர் சொல்ற ஒரு ஆபீஸுக்குப் போய் வக்காலத்துல கையெழுத்து போட்டுட்டு வந்துட்டாரு. அந்த ஆபீஸுக்குப் பேர் இருந்தது உண்மை, ஆனா அது முழுக்க முழுக்க கிரிமினல் கேஸ்ல, ஜாமீன் எடுக்குறதுல வாங்கின பேரு. எங்க கேஸ் கட்டு பீரோவுக்குள்ள போனதோட சரி. சிவில் வழக்குல சம்மன் கைக்கு வந்து 30 நாளுக்குள்ள எதிர்வாதம் தாக்கல் பண்ணணும், தக்க காரணம் சொன்னா 90 நாள் வரைக்கும் டைம் குடுப்பாங்க, இது ரெண்டுமே தாண்டிப் போயி எங்களை எக்ஸ்பார்ட்டின்னு, அதாவது எங்க பக்கம் கேக்காமயே, தீர்ப்பு சொல்லிட்டாங்க. அதை ரத்து பண்ண 30 நாளுக்குள்ள மனு போடணும், அந்த கெடுவும் முடிஞ்சு போனதால தாமதத்தை மன்னிக்கச் சொல்லி தனியா ஒரு மனு, அதுக்கு வேற வாய்தா மேல வாய்தா. அந்த அலைச்சல்ல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன், உங்க வீட்டுல யாருக்காவது இந்த நிலைமை வந்தா போற முதல் நாளே சரியான இடத்துக்குப் போகணும்னு.

முதல்ல உங்க கேஸ் எந்த வகை, எந்த கோர்ட்டுக்குப் போகும்னு தெரிஞ்சுக்கங்க. நிலம், பங்கு, பாதை தகராறுன்னா ஓ.எஸ்.னு நம்பர் விழும், ரோடு ஆக்சிடென்ட் இழப்பீடு எம்.சி.ஓ.பி., இந்து விவாகரத்து எச்.எம்.ஓ.பி., செக் திரும்பின கேஸ் பெரும்பாலும் எஸ்.டி.சி. கீழ்க்கோர்ட்டுல வருஷக்கணக்கா சாட்சி விசாரணை பண்றவங்க வேற, 2004 ஜூலைல ஹைகோர்ட்டோட மதுரை கிளை தொறந்ததுல இருந்து அங்கேயே ரிட்டும் (அரசு உத்தரவை எதிர்த்துப் போடுற மனு) அப்பீலும் பாக்குறவங்க வேற. கன்னியாகுமரில இருந்து திருச்சி, தஞ்சாவூர், கரூர் வரைக்கும் அந்தக் கிளைக்குத்தான் வரணுங்கிறதால ரெண்டு இடத்துலயும் ஆள் வச்சிருக்கிற ஆபீஸும் உண்டு. அது நல்லதுதான், ஆனா உங்க கேஸ் மாவட்டக் கோர்ட்டுல நடக்கும்போது அங்க தினமும் நிக்கப்போறது யாருன்னு கேட்டுக்கணும்.

அதே மாதிரி ஊரோட தொழில் என்னவோ அதுலதான் அந்த ஊர் வக்கீல்களுக்கும் கை பழகியிருக்கும். சிவகாசி பக்கம் பட்டாசு ஆலை விபத்து, தொழிலாளர் நஷ்டஈடு பாத்துப் பாத்து தேறினவங்க இருப்பாங்க, தூத்துக்குடில துறைமுகம் இருக்கிறதால கஸ்டம்ஸ், சரக்கு தகராறு தெரிஞ்சவங்க கிடைப்பாங்க. தஞ்சாவூர் பக்கம் போனீங்கன்னா கோயில் நிலம், மடத்து நிலம், குத்தகை விவகாரம் அத்துப்படியா வச்சிருப்பாங்க, 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1959 அறநிலையத்துறை சட்டமும் அவங்களுக்கு மனப்பாடம். பேருங்கிறது இப்படி ஒரே மாதிரி கேஸைத் திரும்பத் திரும்ப நடத்தித்தான் வரும்.

சரி, அதை வெளியில இருந்து எப்படி செக் பண்றது. விளம்பரத்தை வச்சு முடியாது, ஏன்னா வக்கீல்களுக்கு விதி போடுற பார் கவுன்சிலோட விதி 36 படி வக்கீல் விளம்பரமே பண்ணக்கூடாது. 2008ல ஒரு தளர்வு குடுத்தாங்க, வெப்சைட்ல பேரு, அட்ரஸ், பார் கவுன்சில்ல பதிஞ்ச என்ரோல்மென்ட் நம்பர், படிப்பு, எந்தெந்த பிரிவுல பிராக்டிஸ் பண்றோம்னு போட்டுக்கலாம், அவ்வளவுதான். 2024 ஜூலைல சென்னை ஹைகோர்ட்டும் ஆன்லைன் தளங்கள் வழியா கேஸ் பிடிக்கிற வக்கீல்கள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டாங்க. அதனால ஸ்டார் ரேட்டிங், "நம்பர் ஒன் வக்கீல்"னு எங்கயாவது பாத்தீங்கன்னா நம்பிடாதீங்க, வெப்சைட்ல பதினஞ்சு பிரிவு வரிசையா போட்டிருக்கிறதும் அவங்களே எழுதிக்கிறதுதான்.

பதிலா கோர்ட்டு கேஸ் விவரம் பாக்குற ஈ-கோர்ட்ஸ் வெப்சைட் இருக்கு, மொபைல் ஆப்பும் இருக்கு, காசு கிடையாது. கேஸ் ஸ்டேட்டஸ் போய் மாநிலம், மாவட்டம், கோர்ட்டு வளாகம் தேர்ந்தெடுத்தா அட்வகேட்னு ஒரு பகுதி வரும், அதுல வக்கீல் பேரையோ அவரோட என்ரோல்மென்ட் நம்பர், வருஷத்தையோ போட்டுத் தேடலாம். பேரை வச்சுத் தேடினா அதே பேர்ல நாலு பேர் வருவாங்க, நம்பர் போட்டா சரியா வரும், அந்த நம்பரைக் கேக்குறதுல தப்பே இல்ல. நடக்குற கேஸ், முடிஞ்ச கேஸ்னு ரெண்டையும் தனித்தனியா எடுத்துப் பாருங்க. நாங்க ரெண்டாவது வக்கீலைப் பாக்கப் போறதுக்கு முந்தின நாள் ராத்திரி நானும் தங்கச்சியும் உக்காந்து இதைத்தான் பண்ணோம், பக்கம் பக்கமா ஓ.எஸ்., ஏ.எஸ். (சிவில் அப்பீல்)னுதான் வந்துச்சு, கிரிமினல் கேஸ் தேடினாக்கூட ஒண்ணு ரெண்டுதான். முதல் ஆபீஸ் வக்கீலோட பேரைப் போட்டுப் பாத்தப்ப அப்படியே உல்டா. இதை மொதல்லயே பாத்திருந்தா எக்ஸ்பார்ட்டி வரைக்கும் போயிருக்காதேன்னு தங்கச்சி அழுதுட்டா.

எண்ணிக்கையோட நிறுத்திக்காதீங்க. ஏதாவது நாலஞ்சு கேஸைத் தொறந்து தேதி வாரியா என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு வரி எழுதியிருப்பாங்க, எதிர்வாதம் தாக்கல் ஆச்சா, சாட்சி வந்தாரா, வாதம் முடிஞ்சுதான்னு. ஒரே காரணத்துக்காக எட்டு பத்து வாய்தா ஒரே ஆபீஸ் பக்கமே வாங்கியிருந்தா யோசிக்கணும். ஆனா ஜெயிச்சது தோத்தது எத்தனைன்னு கணக்கு போடாதீங்க, கேஸோட தன்மை தெரியாம அது சரியா வராது. ஹைகோர்ட்டு கேஸ்னா தீர்ப்புகளைத் தேடிப் படிக்கிற இந்தியன் கானூன் வெப்சைட்ல வக்கீல் பேரைத் தட்டினா அவர் வாதாடின தீர்ப்புங்க வரும், அதுல ரெண்டு மூணு படிச்சா எந்த சட்டத்துல வாதாடியிருக்காருன்னு நமக்கே புரியும். இன்னொண்ணு, நம்ம ஊர்ல ஆபீஸ்ல பெரியவரை சீனியர்னு கூப்பிடுறது வேற, ஹைகோர்ட்டு குடுக்குற சீனியர் அட்வகேட் அந்தஸ்து வேற. அந்த அந்தஸ்து உள்ளவர் வக்காலத்து போட முடியாது, இன்னொரு வக்கீல் மூலமாத்தான் ஆஜராவாரு.

அடுத்து நேர்ல போறது. இதுதான் எனக்கு முக்கியமா படுது. அந்த ரெண்டாவது ஆபீஸ் மதுரை வடக்கு வெளி வீதில மாடியில ஒரு சின்ன ரூம், ஏசி கிடையாது. வக்கீல் எங்க தாய்ப்பத்திரத்தைக் கையில வாங்கினதும் தொகையைப் பாக்கல, கடைசிப் பக்கத்துக்குப் போய் சொத்து விவரத்துல நாலு எல்லையை விரல் வச்சுப் படிச்சாரு. படிச்சுட்டு "தம்பி, இது யூடிஆருக்கு முந்தின சர்வே நம்பர், இப்ப என்ன நம்பர்? அப்ப யார் பேர்ல பட்டா ஏத்தியிருக்கு?"ன்னாரு. யூடிஆர்னா அரசு நில ஆவணங்களைத் திருத்திப் புதுப்பிச்ச திட்டமாம், எங்களுக்குத் தெரியல. குமாஸ்தாவைக் கூப்பிட்டு "அண்ணே, பழைய அ பதிவேடும் எஃப்எம்பியும் எடுக்க மனு எழுதிக் குடுங்க"ன்னு அங்கேயே சொன்னாரு, அ பதிவேடுன்னா வருவாய்த்துறையோட நிலப் பதிவேடு, எஃப்எம்பின்னா நில அளவு வரைபடம். அடுத்ததா "உங்க அத்தைமாருக்கு எப்ப கல்யாணம் ஆச்சு?"ன்னாரு. அத்தை கல்யாணத்துக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்னு அப்பாவுக்குப் புரியல. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25 அன்னைக்குக் கல்யாணம் ஆகாம இருந்த பொண்ணுங்களுக்கு பூர்வீகச் சொத்துல பங்கு குடுத்தாங்க, அப்புறம் 2005ல மத்திய சட்டம் எல்லா மகள்களுக்கும் குடுத்துச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட்டு அதை இன்னும் தெளிவாக்குச்சு, அத்தைமாரைச் சேக்காம போட்ட பங்கு வழக்குலயே ஓட்டை இருக்குன்னு பத்து நிமிஷத்துல விளக்கினாரு. முதல் ஆபீஸ்ல அத்தனை மாசத்துல இந்தக் கேள்வியை ஒருத்தர் கேக்கல.

அப்ப பாக்க வேண்டியது, அவர் உங்ககிட்ட என்ன கேக்குறாருன்னுதான். செக் கேஸ் தெரிஞ்சவர் வாயில முதல்ல தேதிதான் வரும், செக்ல உள்ள தேதி என்ன, செக் திரும்பினதுக்கு பேங்க்ல மெமோ என்னைக்கு குடுத்தாங்கன்னு, ஏன்னா செக்கை 3 மாசத்துக்குள்ள பேங்க்ல போட்டிருக்கணும், திரும்பின தகவல் வந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், நோட்டீஸ் கிடைச்சு 15 நாள்ல பணம் வரலைன்னா அதுல இருந்து ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டுல புகார் போடணும். "அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்றவர்கிட்ட செக் கேஸைக் குடுக்காதீங்க.

ஆக்சிடென்ட் கேஸ்னா வயசு, வருமானம் ரெண்டுக்கும் ஆதாரம் கேக்கணும். இறந்தவருக்கு 26ல இருந்து 30 வயசுன்னா வருஷ இழப்பை 17ஆல பெருக்குவாங்க, 36ல இருந்து 40ன்னா 15. சொந்தத் தொழில் பண்றவர் 40 வயசுக்குக் கீழன்னா வருங்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டணும்னு 2017ல சுப்ரீம் கோர்ட்டு அஞ்சு நீதிபதி அமர்வு சொல்லியிருக்கு. இதெல்லாம் பேச்சுல தானா வரணும். விபத்து நடந்ததுல இருந்து மனு போட 6 மாசம்னு 2022 ஏப்ரல்ல இருந்து சட்டம் இருக்கு, துக்கத்துல நாளைக் கடத்திடாதீங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே வந்து "செலவு ஒண்ணும் வேணாம், வர்ற பணத்துல இத்தனை பங்கு"ன்னு பேசுற புரோக்கரை நம்பி வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போட்டுடாதீங்க. வழக்குல கிடைக்கிற பணத்துல பங்கு பேசுறதை பார் கவுன்சில் விதியே தடுக்குது, அப்படிப் போய் பாதிப் பணம்கூட கைக்கு வராத குடும்பத்தை எங்க தெருவுலயே பாத்திருக்கேன், மனசு ஆறல.

"உங்க கேஸ் கண்டிப்பா ஜெயிச்சிடும்"னு முதல் நாளே சொன்னா எழுந்து வந்துடுங்க. எங்க வக்கீல் எங்களுக்கு எதிரா இருக்கிற விஷயம் மூணு சொன்னாரு, அதுக்கப்புறம்தான் அப்பாவுக்கு அவர் மேல நம்பிக்கை வந்துச்சு. ஃபீஸை எந்தெந்தக் கட்டத்துல எவ்வளவுன்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க. கோர்ட்டு ஃபீஸ், நகல் செலவு தனின்னா அதையும் கேளுங்க. காசுக்கு வழி இல்லைன்னா சட்ட உதவி நம்பர் 15100க்கு போன் பண்ணுங்க, பெண்கள், குழந்தைங்க, எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. நுகர்வோர் கோர்ட்டுக்கு வக்கீலே இல்லாம நீங்களே வாதாடலாம், பொருளுக்கோ சேவைக்கோ நீங்க குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸும் இல்ல.

ஏற்கனவே தப்பான இடத்துல குடுத்துட்டீங்கன்னாலும் பயப்படாதீங்க. பழைய வக்கீல்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கி புது வக்காலத்து போடலாம், தரலைன்னா கோர்ட்டுல அனுமதி கேட்டு மனு போடலாம். ஃபீஸ் பாக்கின்னு கேஸ் கட்டைப் பிடிச்சு வச்சுக்க வக்கீலுக்கு உரிமை இல்லைன்னு 2000லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. எங்ககிட்ட கட்டைத் தர முதல்ல இழுத்தடிச்சாங்க, இதைச் சொல்லி ரிஜிஸ்டர் தபால் அனுப்பினதும் நாலு நாள்ல வந்துடுச்சு.

முதல் நாள் பத்திரம் குடுக்கும்போது ஒரிஜினலைக் குடுக்காதீங்க, ஜெராக்ஸ் போதும், கோர்ட்டுல காட்ட வேண்டிய அன்னைக்கு எடுத்துட்டுப் போனாப் போதும். அப்படியே குடுக்க வேண்டி வந்தா என்னென்ன குடுத்தோம்னு லிஸ்ட் எழுதி குமாஸ்தாகிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. கேஸ் நம்பர் ஆனதும் ஒவ்வொரு கேஸுக்கும் தனியா குடுக்குற, எழுத்தும் எண்ணும் சேர்ந்த 16 இலக்க சிஎன்ஆர் நம்பரைக் கேட்டு வாங்கி போன்ல சேவ் பண்ணி வச்சுக்கங்க. எங்க அப்பா இப்ப ஒவ்வொரு வாய்தா அன்னைக்கும் சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த நம்பரைத் தட்டி அடுத்த தேதி என்ன, இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவரே பாத்து காலண்டர்ல எழுதிடுறாரு.