புதிதாக பி.டி.ஓ. ஆனவர்களுக்கு: யாரிடம் கேட்பது?

உதவியாளராக இருந்தவரை பக்கத்து சீட்டில் கேட்டுக்கொண்டோம். வட்டார வளர்ச்சி அலுவலராக உட்கார்ந்த அன்றே அந்த வசதி போய்விடும். ஈரோடு மாவட்டத்தில் இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே நம்பிக்கையான ஐந்தாறு பேரைத் தேடிக்கொள்ளுங்கள்.

பவானிசாகர் அரசு ஊழியர் பயிற்சி நிலையத்தில் கூட இருந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். அந்த பேட்ச் இப்போது வருவாய், கருவூலம் என்று பல துறைகளில் இருக்கும். காரியம் எதுவும் இல்லாதபோதே ஒருமுறை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.

அப்புறம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். எல்லாத் துறைக்காரர்களும் கலெக்டர் அலுவலகத்தில் ஒரே ஹாலில் இருப்பார்கள். நம் துறை வரிசையிலேயே ஒட்டிக்கொள்ளாமல் நீர்வளத்துறை, நெடுஞ்சாலை, மின்வாரியம் பக்கம் போய், "சார், நான் இன்ன யூனியன் பி.டி.ஓ.ங்க" என்று அறிமுகமாகுங்கள். வெளியே வந்ததும் சேர்ந்து ஒரு டீ. கடிதத்தில் மாதக்கணக்கில் இழுக்கும் விஷயம் அங்கே தெளிவாகிவிடும்.

கேட்கும் விதம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். "வாய்க்காலைத் தாண்டி குடிநீர்க் குழாய் போடணும், என்னங்க பண்றது?" என்றால் எதிராளிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. "கீழ்பவானி வாய்க்காலில் இன்ன மைலில் கடக்கிறோம், குழாய் இத்தனை அங்குலம், வரைபடம் தயார். ஆகஸ்ட்டில் தண்ணீர் திறப்பதற்குள் வேலையை முடிக்கணும். விண்ணப்பம் முதலில் யாருக்குப் போகணும்?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் பதில் வரும். அவரும் அடுத்த முறை தயங்காமல் போனை எடுப்பார்.

தணிக்கைத் தடைக்கும் (ஆடிட் ஆட்சேபணை) 17(பி) குறிப்பாணைக்கும் (பெரிய தண்டனை வரக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை மெமோ) ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் கண்டிப்பாக வேண்டும். மெமோ கைக்கு வந்த அன்று தூக்கம் வராது. அந்தக் கோபத்திலேயே விளக்கம் எழுதிக் கொடுத்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் அவர் ஒருமுறை படிக்கட்டும்.

வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோப்பின் பக்கங்களைப் படம் எடுத்துப் போடாதீர்கள்; 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் நம் எல்லோருக்கும் பொருந்தும். ஒப்பந்ததாரர், கட்சிக்காரர் யாரையும் சேர்க்க வேண்டாம், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

உங்களிடம் ஒருவர் அரசாணை கேட்டால் எண், தேதியோடு அன்றைக்கே அனுப்புங்கள். மாறுதலில் போகும்போது உங்களுக்குப் பின்னால் வருபவரை இந்த ஆட்களிடம் நீங்களே பேசவைத்துவிட்டுப் போங்கள்.