சிறையில் முன்னாள் ராணுவத்தினர்: பி.டி.எஸ்.டி சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011–12 கணக்குப்படி அமெரிக்கச் சிறைகளில் சுமார் 1,81,500 முன்னாள் ராணுவத்தினர் இருந்தார்கள். கைதிகளில் ஏறக்குறைய 8 சதவீதம். அவர்களில் பி.டி.எஸ்.டி (கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனநலப் பாதிப்பு) உள்ளவர்களுக்குச் சிகிச்சை கெடுவது பெரும்பாலும் மருத்துவர் அறைக்கு வெளியேதான்.

முதல் தவறு, நோயை ஒழுங்கீனமாக எழுதிவைப்பது. இரவில் ஆள் கணக்கெடுக்க வரும் காவலர் தூங்குபவர் முகத்தில் டார்ச் அடிக்கிறார். தூங்கியவர் கையை ஓங்கிக்கொண்டு துள்ளி எழுகிறார். காவலரைத் தாக்க முயன்றதாக அறிக்கை போகிறது, தனிமைச் சிறை கிடைக்கிறது. உள்ள தூக்கமும் அங்கே போய்விடும். எட்டி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெளிச்சத்தைத் தரையில் காட்டினால் போதும். காசு செலவில்லாத இந்த வேலையைக் காவலர்களுக்குச் சொல்லித்தராமல் மனநல மருத்துவரை மட்டும் நியமிப்பதில் பெரிய பலனில்லை.

போர்க்களத்தை மட்டும் விசாரிப்பதும் பிழை. படைக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஆண்களிலும் உண்டு. ஆடை களைந்து சோதிக்கும்போது அவர்கள் ஏன் உறைந்துபோகிறார்கள் என்பது கேட்டால்தானே தெரியும்?

அடுத்தது மாத்திரையோடு நிறுத்திக்கொள்வது. செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் உதவும். ஆனால் நடந்ததை நேராக எடுத்துப் பேசும் சிகிச்சைகளுக்குத்தான் முதலிடம். அவற்றில் ஒன்றான சி.பி.டி (நடந்ததைப் பற்றிய எண்ணங்களை அலசிச் சீர்செய்யும் பேச்சு சிகிச்சை) வழக்கமாக 12 அமர்வுகள். பழைய காயத்தைத் திறந்துவிட்டு ஐந்தாவது அமர்வில் ஆளை வேறு சிறைக்கு மாற்றினால்? தொடங்கும் முன்பே இடமாற்றத்தை நிறுத்திவைக்கக் கேட்க வேண்டும். பென்சோடயசெபின் வகைத் தூக்க மாத்திரைகளை பி.டி.எஸ்.டி-க்குத் தர வேண்டாம் என்கிறது அமெரிக்கப் படைவீரர் நலத்துறையின் வழிகாட்டி.

பண விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெருங்குற்றத் தண்டனையில் சிறைக்குப் போனால் 61-ம் நாளிலிருந்து நலத்துறை தரும் ஊனமுற்றோர் இழப்பீடு குறையும். 20 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் கணிக்கப்பட்டவருக்கும் 10 சதவீதத்துக்கான தொகைதான். சிறைக்குப் போனதைத் தெரிவிக்காவிட்டால் கூடுதலாக வந்த பணம் கடனாகத் தலையில் விழும். பிடித்த தொகையில் ஒரு பங்கைக் குடும்பம் விண்ணப்பித்துப் பெற வழியுண்டு. வீட்டில் வாடகை பாக்கி என்ற கவலையோடு வருபவரிடம் என்ன சிகிச்சை எடுபடும்?

விடுதலை நாள் வரை காத்திருப்பதும் தவறு. உள்ளே இருக்கும்வரை மருத்துவம் சிறையின் பொறுப்பு என்பதால் நலத்துறை சிகிச்சை தராது. ஆனால் வெளியே வந்தபின் என்ன செய்வது என்று திட்டமிட அதன் ஊழியர்கள் சிறைக்கே வருவார்கள். நற்சான்று இல்லாமல் படையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் தமக்கு எதுவும் கிடைக்காது என்று விண்ணப்பமே போடுவதில்லை. போட்டால், அவர்கள் விலக்கப்பட்ட சூழலை நலத்துறை தனியாகப் பரிசீலித்து முடிவெடுக்கும்.