கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசுவது எப்படி?

பெரிய சுரங்கமோ அனல்மின் நிலையமோ வருவதற்கு முன், பொதுவாக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று சொல்லும் அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். வேலைவாய்ப்புப் பக்கம் இனிக்கும். அதைப் பிறகு படிக்கலாம். முதலில் வரைபடம்.

எண்ணூரில் நாங்கள் கையால் இறால் தடவும் இடம் அதில் இல்லையென்றால் அதையே பேசுவேன்: கொசஸ்தலை ஆற்றில் எந்த மாதம் எந்த மீன், சாம்பல் படிந்த சேற்றில் கால் எவ்வளவு புதைகிறது என்று. 'வளர்ச்சி வேண்டாமா?' என்று வம்புக்கு இழுப்பார்கள், போகாதீர்கள். மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். முடிவில், யார் என்ன பேசினார்கள் என்ற நடவடிக்கைக் குறிப்பின் சுருக்கத்தை வாசித்துத் தமிழில் விளக்க வேண்டும் என்பது விதி. சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடாமல் உட்கார்ந்திருந்து, விடுபட்டதை அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள்.